ஸ்போர்ட்ஸ் கார்களில் இழுவைக் கட்டுப்பாடு: வரலாறு

டிராக்‌ஷன் கன்ட்ரோல் எனப்படும் இழுவைக் கட்டுப்பாடு, காரின் உந்து சக்கரங்கள் தரையைப் பற்றாமல் வெறுமனே சுழல்வதைத் தடுக்கும் மின்னணு அமைப்பு ஆகும். சேற்றில் சிக்கிய லாரியின் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. 600 குதிரைத்திறன் கொண்ட ஸ்போர்ட்ஸ் காரில் இதே நிலை உலர்ந்த தார்ச்சாலையிலும் ஏற்படும்.

இயங்கும் முறை

ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வேக உணரி இருக்கும். உந்து சக்கரம் மற்ற சக்கரங்களைவிட அளவு மீறி வேகமாகச் சுழன்றால், கணினி எஞ்சினின் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். அல்லது எரிபொருளையோ காற்றையோ குறைக்கும். தேவையானால் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும்.

வழுக்கலை அடியோடு ஒழிப்பதே இதன் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. உலர்ந்த சாலையில், கார் செல்லும் வேகத்தைவிட டயர் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு கூடுதலாகச் சுழலும்போதுதான் மிகுந்த இழுவை கிடைக்கிறது. அதைத் தாண்டினால் இழுவை குறைவதோடு பக்கவாட்டுப் பிடிப்பும் தளர்கிறது. பின்சக்கரங்கள் உந்தும் காரில், திருப்பத்தின் நடுவே ஆக்சிலேட்டரை ஓங்கி அழுத்தினால் பின்பகுதி வெளியே வீசப்படுவது இதனால்தான். அந்நேரத்தில் எஞ்சின் ஆற்றலைத் திடீரென முழுதும் வெட்டினாலும் ஆபத்தே; எடை முன்பக்கம் சாய்ந்து, பின்சக்கரங்களின் பிடி மேலும் தளரும். எவ்வளவு விரைவாகக் குறைப்பது, எவ்வளவு மெதுவாகத் திருப்பித் தருவது என்பதில்தான் நல்ல அமைப்பின் தரம் தெரியும்.

தொடக்கம்

இது முதலில் வேகத்துக்காக வந்ததன்று. அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் 1971இல் 'மேக்ஸ்டிராக்' என்ற அமைப்பைத் தன் பெரிய கார்களில் அளித்தது. 1978இல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் பிரேக் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் வந்தபின் வழி எளிதாயிற்று. பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்வதைக் கவனித்த அதே உணரிகள், முடுக்கும்போது சக்கரம் வெறுமனே சுழல்வதையும் கவனிக்க முடிந்தது. 1992ஆம் ஆண்டுக்கான 300 குதிரைத்திறன் கொண்ட செவ்ரலே கார்வெட்டில் இது எல்லாக் கார்களுக்கும் உரிய பகுதியாகவே வந்தது.

பார்முலா 1இல் தடையும் ஐயமும்

பந்தயத்தில் இதன் பயன் வேறு. 1992இல் நைஜல் மேன்செல் ஓட்டிய வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி காரில் இழுவைக் கட்டுப்பாடும் கணினி இயக்கும் சஸ்பென்ஷனும் இருந்தன. அவர் அந்தப் பருவத்தின் 16 பந்தயங்களில் 9ஐ வென்றார். கார் தானே ஓடுகிறது, ஓட்டுநரின் திறமை எங்கே என்ற குறை எழுந்தது. 1994 பருவம் முதல் இத்தகைய உதவிகள் தடை செய்யப்பட்டன.

தடை எழுதுவது எளிது. மென்பொருளுக்குள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. அவ்வாண்டு ஏப்ரலில் ஜப்பானின் அய்டா பந்தயத்தில், முதல் திருப்பத்திலேயே மோதி வெளியேறிய அயர்டன் சென்னா, தடத்தின் ஓரம் நின்று மற்றக் கார்களைக் கவனித்தார். ஷூமாக்கரின் பெனட்டன் காரில் தடை செய்யப்பட்ட உதவி இருப்பதாக ஐயுற்றார். இரண்டு வாரங்களில் இமோலாவில் அவர் இறந்தார். பின்னர் நடந்த ஆய்வில், பெனட்டன் மென்பொருளில், புறப்படும் வேளையில் உதவும் 'லாஞ்ச் கன்ட்ரோல்' நிரல் மறைவாக இருப்பது தெரிந்தது. அது பயன்படுத்தப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. அவ்வாண்டின் பட்டம் ஷூமாக்கருக்கே சென்றது. ஐயம் மட்டும் இன்றுவரை பேசப்படுகிறது.

கண்காணிக்க முடியாத விதி நேர்மையானவரையே தண்டிக்கும். 2001 ஸ்பானிஷ் கிராண்ட் பிரியிலிருந்து இழுவைக் கட்டுப்பாடு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எல்லா அணிகளும் ஒரே வகைக் கட்டுப்பாட்டுக் கணினியைப் பொருத்த வேண்டும் என்ற விதி 2008இல் வந்தபோதுதான் தடை மெய்யாயிற்று. நரேன் கார்த்திகேயன் இவ்விரு காலங்களிலும் ஓட்டியவர்: 2005இல் அனுமதி இருந்தபோது ஜோர்டான் அணிக்கும், தடைக்குப் பின் 2011, 2012இல் எச்ஆர்டி அணிக்கும்.

ஸ்போர்ட்ஸ் கார்களில்

1990களின் புகழ்பெற்ற மெக்லாரன் எஃப்1 சாலைக் காரில் 627 குதிரைத்திறன் இருந்தும் ஏபிஎஸ் கூட இல்லை. ஓட்டுநரின் வலது பாதமே இழுவைக் கட்டுப்பாடு. 2003இல் வெளிவந்த போர்ஷே கரேரா ஜிடி காரில் இழுவைக் கட்டுப்பாடு இருந்தது, நிலைப்புக் கட்டுப்பாடு இல்லை. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவது ஆபத்தான குழப்பம். முன்னது முடுக்கும்போது மட்டுமே உதவும். அளவுக்கு மீறிய வேகத்தில் திருப்பத்துள் நுழைந்த காரை அதனால் மீட்க இயலாது. நிலைப்புக் கட்டுப்பாடு, கார் திரும்பும் போக்கையே அளந்து, தேவையான சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து நேராக்க முயல்வது. இரண்டுமே டயரில் இல்லாத பிடிப்பை உண்டாக்க மாட்டா. குளிர்ந்த டயரும் ஈரச் சாலையும் இருந்தால் எல்லை முன்னதாகவே வந்துவிடும்.

2004இல் பெராரி எஃப்430 காரின் ஸ்டீயரிங் வட்டிலேயே, 'மானெட்டினோ' என்ற திருகு பொருத்தப்பட்டது. பனி முதல் பந்தயத் தடம் வரை நிலைமைக்கேற்ப உதவியின் அளவை ஓட்டுநர் மாற்றலாம். 2006இன் 599 ஜிடிபி காரில் வந்த 'எஃப்1-டிராக்', சக்கரம் வழுக்கிய பின் விழித்துக்கொள்ளாமல், கிடைக்கக்கூடிய பிடிப்பை முன்கூட்டியே கணித்துச் செயல்பட்டது.

அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு மாடல்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் புதிய கார்களுக்கு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமானது. அதுவரை விட்டுவைத்த டாட்ஜ் வைப்பரும் 2013 மாடலில் அதை ஏற்றது. 2016இல் அறிமுகமான மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடி ஆர் காரின் நடுப்பகுதியில் மஞ்சள் நிறத் திருகு ஒன்று உண்டு. நிலைப்புக் கட்டுப்பாட்டை அணைத்த பிறகும் இழுவைக் கட்டுப்பாட்டை 9 நிலைகளில் அது மாற்றும். முதல் நிலை ஈரச் சாலைக்கு, ஒன்பதாம் நிலையில் உதவி ஏறத்தாழ இல்லை.