முத்துக்குளித்துறையும் நூற்கட்டுக் கலையும்

தமிழ் அச்சின் வரலாற்றை எழுதுவோர் எழுத்து வார்த்தோரையும் மொழிபெயர்த்தோரையும் போற்றுவர். அச்சிட்ட தாள்களை மடித்துத் தைத்த கைகளை நினைப்பவர் சிலரே. 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். நன்னூலாரும் நூலியற்றுதலைப் பஞ்சினின்று இழை நூற்பதற்கு ஒப்பிட்டார். முத்துக்குளித்துறையின் பழைய அச்சு நூல்களை இந்நோக்கில் காண்பது பயனுடையது.

அச்சு வருமுன் நம்மவர் ஏடு பனையோலையே. ஓலையை நடுவில் மடித்துத் தைப்பதில்லை. துளைகளிட்டு, ஒன்றில் நாராசம் செருகி, மற்றொன்றில் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினர். கயிற்றைத் தளர்த்தினால் ஏடுகள் தனித்தனியே பிரியும். அச்சுத்தாளின் இயல்பு வேறு. அதை மடிக்க வேண்டும். மடிப்பின் முதுகில் ஊசியேற்ற வேண்டும்.

புன்னைக்காயலை நடுவிடமாகக் கொண்டு உழைத்த என்றீக்கே என்றீக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறியது. அச்சுப் பணிக்கு இக்கடற்கரைப் பரதவர் பொருளுதவினர். அந்நூல் 16 பக்கங்களே உடையது. ஒரு தாளை மும்முறை மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். அத்தகைய ஒற்றை மடிப்புக்குச் சில தையல்களே போதும். ஆனால் 1586இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' 650 பக்கங்களுக்கு மேற்பட்டது. பாரம் ஒன்றுக்கு 16 பக்கம் எனக் கணக்கிட்டாலும் நாற்பது பாரங்களுக்கு மேல் ஒன்றோடொன்று பிணைக்கப்பட வேண்டும். எட்டே ஆண்டுகளில் நூற்கட்டு வேறொரு கலையாகிவிட்டது.

அக்கலையின் முறை எளிது, பயிற்சியே அரிது. பாரங்களை வரிசைப்படுத்தி, மடிப்பின் உட்புறமிருந்து குத்தூசியால் துளையிடுவர். மெழுகு பூசிய நூல் ஒரு முனையில் உட்புகுந்து, முதுகின் குறுக்கே நிற்கும் நாடாக்களைச் சுற்றி, மறுமுனையில் வெளிவரும். அங்குக் கீழுள்ள பாரத்தின் தையலோடு முடிச்சிட்டு அடுத்த பாரத்துக்கு ஏறும். நூலை இறுக்கினால் தாள் கிழியும். தளரவிட்டால் நூல் ஆடும். இவ்வளவை விரலே கற்க வேண்டும், ஏடு கற்பிக்காது.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டபோதும் இத்தேவையே எழுந்தது. அங்கு எழுத்து வார்ப்பும் காகிதப் பட்டறையும் எழுந்ததை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் ஓலைச்சுவடிக்குப் பழகிய மக்களின் கைகளில் அத்திருமறை நாள்தோறும் விரிந்து மூடும்போது, அதைத் தாங்கி நின்றது தையலே.

'அடியார் வரலாறு' நெடுங்காலம் நம்மவர் பார்வைக்கு எட்டாதிருந்தது. தனிநாயக அடிகள் அதை வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்தார். 1967இல் இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாகத் தூத்துக்குடியிலிருந்து மீண்டும் வெளிவந்தது. தாள்கள் சிதறாது நூலாய் நிலைத்தமையால் அன்றோ இது கைகூடிற்று?

நம் சபைகளின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளும் குடும்ப வேதாகமங்களும் இன்று அவிழ்ந்து வருகின்றன. அவற்றைப் பழுதுபார்க்கையில் முதுகை வெட்டிப் பசையிட்டு ஒட்டினால் மடிப்பே அழிகிறது. பின்னர் தைக்க இடமிராது. ஓரத்தில் குத்தித் தைத்தால் ஏடு முழுதும் விரியாமல், உள்ளோர எழுத்துக்கள் மறைகின்றன. மடிப்பைக் காத்துப் பாரம் பாரமாக மீண்டும் தைப்பதே தக்க வழி. சபைக்கு ஒருவரேனும் இத்தையலைக் கற்பாராயின், முன்னோர் பெயர்கள் பின்னோர் கைக்கு எட்டும்.