பல வரைகலை அட்டைத் தாய்ப்பலகை

ஒரே கணினியில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வரைகலை அட்டைகளைப் பொருத்தி இயக்க உதவும் உயர்தர மதர்போர்டு வகை. முதன்மையாகக் கணினி விளையாட்டுகளுக்காக விற்கப்பட்டது.

வரலாறு: 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 1998இல் வூடூ2 அட்டைகள் இரண்டை இணைத்து இயக்கிக் காட்டியது. அட்டைகளை இணைத்து இயக்க என்விடியா 2004இல் எஸ்எல்ஐ முறையையும், ஏடிஐ 2005இல் கிராஸ்ஃபயர் முறையையும் கொண்டுவந்தன.

செயல்முறை: பொதுவாகச் செயலியிலிருந்து வரும் 16 பிசிஐ எக்ஸ்பிரஸ் தரவுத் தடங்கள் இரு அட்டைகளுக்கும் எட்டெட்டாகப் பிரியும். பெரும்பாலும் அட்டைகள் காட்சிச் சட்டங்களை மாறி மாறி வரையும். வேகம் இரட்டிப்பதில்லை; நினைவகமும் கூடுவதில்லை, ஒரே தரவு இரண்டிலும் படியெடுக்கப்படும். சட்டங்களுக்கிடையே சீரற்ற இடைவெளி விழுந்து காட்சி திக்குவதும் உண்டு.

இன்றைய நிலை: 2021 முதல் என்விடியா புதிய எஸ்எல்ஐ இயக்கி அமைப்புகளை வெளியிடுவதை நிறுத்தியது. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையில் மற்றோர் அட்டையுடன் இணைப்பதற்கான முனையே இல்லை.

பெங்களூரு: விளையாட்டில் வழக்கொழிந்தாலும், பல வரைகலைச் செயலிகளைச் சேர்த்து இயக்குவது ஆய்வுக் கணிப்பில் தொடர்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் நிறுவப்பட்ட 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் திறனுள்ள ‘பரம் பிரவேகா’ மீக்கணினியில் என்விடியா வி100 அட்டைகள் இடம்பெற்றுள்ளன.