காத்திருந்த தலைமுறைகள்: மலையகத் தமிழரும் பிரஜாவுரிமை விசாரணைகளும் (1948–2003)

ஒரு நாட்டிற் குடியேறிய ஒருவர் அந்நாட்டின் பிரஜையாவதற்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமென்பது உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். அவருடைய வசிப்பிடம், வருவாய், நடத்தை என்பன விசாரிக்கப்படுவதும் புதுமையன்று. அத்தகைய முறையில் காலம் விண்ணப்பதாரரின் பக்கம் நிற்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவருடைய தகுதி வளர்கிறது. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் விடயத்தில் இம்முறை தலைகீழாக இயங்கியது. அவர்களுக்குக் காலம் தகுதியைத் தரவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட சான்றுகளையே அது சிறிது சிறிதாக அழித்தது.

1948 ஆம் ஆண்டு தொடங்கிய இக்காத்திருப்பு 2003 ஆம் ஆண்டிலேயே சட்டத்தளவில் முடிவுற்றது. இவ்வைம்பத்தைந்து ஆண்டுக் கால தாமதத்தை நிர்வாகத்தின் மந்தகதி என்று மட்டும் விளக்கிவிட முடியாது. நிரூபிக்கும் பொறுப்பு எவர் தோளில் ஏற்றப்பட்டது என்பதிலேயே அதன் வேர் உள்ளது. இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாக்காளர் நாடற்றோரான வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பித் தோட்டங்களுக்கும், கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கியபோது, சில கட்டுப்பாடுகளோடேனும், இவர்களுள் ஒரு பகுதியினர் வாக்காளராயினர். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் சென்றனர்.

சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அது நவம்பர் 15 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்தவர் என்பது மட்டும் அச்சட்டத்தின்படி போதுமானதாக இருக்கவில்லை. தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். லயன் காம்பிராவிற் பிறந்த ஒருவர் தம் தந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே செல்வார்? கண்டி நாட்டுக் கிராமத்து உழவரிடமும் இத்தகைய பத்திரம் பெரும்பாலும் இருந்திராது. ஆனால் அவரிடம் எவரும் அதனைக் கேட்கவில்லை. சட்டத்தின் வாசகம் அனைவருக்கும் பொதுவாயிருந்தது. வினா மட்டும் ஒரு சாராரிடம் கேட்கப்பட்டது.

1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கே உரியதாக்கியது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் ஆசனமேனும் கிடைக்கவில்லை. இச்சட்டங்கள் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட கோடாகன்பிள்ளை வழக்கில், தன் பிரஜைகள் யாவரென வரையறுப்பது ஓர் அரசின் இயல்பான அதிகாரமே என்று கருதிய பிரிவிக் கவுன்சில் 1953 இல் அவற்றைச் செல்லுபடியாகுமென ஏற்றுக்கொண்டது.

பின்னோக்கி எண்ணப்பட்ட ஆண்டுகள்

வம்சாவளியை நிரூபிக்க இயலாதோருக்கென வகுக்கப்பட்டது 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டமாகும். மணமானவர் ஏழாண்டுகளும் மணமாகாதவர் பத்தாண்டுகளும் இடையறாது இலங்கையில் வசித்திருத்தல் வேண்டுமென அது விதித்தது. இவ்வாண்டுகள் 1946 சனவரி முதலாம் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டன என்பதே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. மணமானவர் 1939 தொடக்கத்திலிருந்தும் மணமாகாதவர் 1936 தொடக்கத்திலிருந்தும் இங்கு இருந்தமையைக் காட்டவேண்டும். அதன்பின் விண்ணப்பிக்கும் நாள்வரை வசிப்புத் தொடரவேண்டும். ஒரே தடவையிற் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நாட்டை விட்டு நீங்கியிருப்பின் வசிப்பு அறுந்ததாகக் கொள்ளப்பட்டது.

எனவே, ஓராண்டு குறைந்த ஒருவர் மேலும் ஓராண்டு காத்திருந்து அக்குறையை நிரப்ப வழியில்லை. கடந்துபோன காலத்தில் விழுந்த இடைவெளியை எதிர்காலத்தில் அடைக்க முடியாதல்லவா?

தோட்டத் தொழிலாளர் வாழ்வில் இத்தகைய இடைவெளிகள் இயல்பாகவே நேர்ந்தன. திருமணம், பிள்ளைப்பேறு, பெற்றோரின் மரணம், குலதெய்வ வழிபாடு ஆகியவற்றுக்காகத் திருச்சி, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலுள்ள ஊர்களுக்குச் சென்று திரும்புவது அவர்தம் வழக்கம். 1939 இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. அதன்பின் ஊருக்குச் சென்றவர் திரும்புவது முன்போல எளிதாக இருக்கவில்லை. சட்டம் ஆராய்ந்த ஆண்டுகளும் போக்குவரத்து இடர்ப்பட்ட ஆண்டுகளும் ஒன்றாயமைந்தன.

விசாரணையின் இயல்பு

விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டு, 1951 ஓகஸ்ட் 5 ஆம் திகதியுடன் அது முடிவுற்றது. சட்டத்தை ஏற்க மறுத்த காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்க வேண்டாமெனக் கூறியது. பின்னர் அந்நிலைப்பாடு மாறியமையால் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இறுதி மாதங்களிலேயே குவிந்தன. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள், ஏறத்தாழ 825,000 பேரைக் குறித்தன. குடும்பத் தலைவனின் விண்ணப்பத்திலேயே மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் அடங்கினர். கணவனின் கடதாசி தவறினால் குடும்பமே தவறியது.

அடுத்து விசாரணை தொடங்கியது. விசாரணை உத்தியோகத்தர் விண்ணப்பத்திற் கண்டவற்றை ஆராய்ந்து ஆணையாளருக்கு அறிக்கை அளிப்பார். ஐயம் எழுமாயின் விண்ணப்பதாரருக்கு அறிவித்தல் வரும். அதற்கு அவர் குறித்த தவணைக்குள் பதிலளித்து, விசாரணைக்குத் தோன்றிச் சான்று காட்டவேண்டும். தொழிலாளிக்குத் தபால் தோட்ட அலுவலகத்தின் வழியே வந்தது. அறிவித்தலை வாசித்துப் பொருள் சொல்ல வேறொருவர் தேவைப்பட்டார். விசாரணைக்குச் செல்லும் நாளில் பெயரும் இல்லை, கூலியும் இல்லை.

வசிப்பு மட்டுமன்றி உள்ளக்கிடக்கையும் ஆராயப்பட்டது. இலங்கையில் நிலையாக வாழும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு இருந்ததா என்பது வினா. இந்தியாவிலுள்ள தாய்க்குப் பணம் அனுப்பும்பொழுது கையொப்பமிட்ட நாணயக் கட்டுப்பாட்டுப் படிவமும், பயணத்துக்கெனப் பெற்ற தற்காலிக வதிவிட அனுமதியும் அவருக்கு எதிரான சாட்சிகளாகக் கொள்ளப்பட்டன. தாயைக் காத்தமை நாட்டுப்பற்றின்மைக்கு அடையாளமாயிற்று.

அரசு தன் எல்லைகளைக் காத்தல் வேண்டாமா என்று கேட்கப்படலாம். சட்டவிரோதமாகக் கடல் கடந்து வந்தோர் அக்காலத்தில் இருந்தனர் என்பதும் உண்மையே. ‘கள்ளத்தோணி’ என்னும் சொல் அவ்வச்சத்திலிருந்து பிறந்து, பின்னர் மலைநாட்டுத் தமிழர் அனைவர்மீதும் ஏவப்பட்ட வசையாயிற்று. ஆயினும் இத்தீவில் தோட்டத் தொழிலாளரைப் போன்று பதியப்பட்ட மக்கள் வேறெவருமிலர் எனலாம். மண்டபம் முகாமில் அவர்கள் எண்ணப்பட்டனர். ஒவ்வொரு நாளும் பெரட்டுக் களத்தில் எண்ணப்பட்டனர். கொழுந்து நிறுக்கும்பொழுது எண்ணப்பட்டனர். செக்ரோலில் அவர்தம் பெயர் மாதந்தோறும் எழுதப்பட்டது. கூலிக்கும் கடனுக்கும் கணக்கிருந்தது. அக்கணக்கேடுகள் தோட்டத்துரையின் அலுவலகத்தில் இருந்தன; அவற்றைக் கொண்டு தம் இருப்பை நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் தொழிலாளியிடம் இருந்தது. ஏடு கறையானுக்கு இரையானாலும், தோட்டம் கைமாறினாலும், தொழிலாளி தோட்டம் மாறியிருந்தாலும் நட்டம் அவருக்கே.

1954 சனவரியில் நேருவும் கொத்தலாவலையும் செய்த உடன்பாடு, நிலுவையிலுள்ள விண்ணப்பங்களை இரண்டாண்டுகளுள் முடிக்க முயலுமாறு கூறிற்று. விசாரணைகளோ 1960 களின் தொடக்கம்வரை நீண்டன. 1951 இல் தந்தையின் விண்ணப்பத்திற் பத்து வயதுச் சிறுவனாகக் குறிக்கப்பட்டவன், 1962 இல் இருபத்தொரு வயது இளைஞன். முடிவில் ஏறத்தாழ 134,000 பேரே பதிவு பெற்றனர். விண்ணப்பிக்கப்பட்டோருள் இது ஆறில் ஒரு பங்காகும்.

ஒருவர் செல்ல, மற்றவர் காத்திருந்தமை

எஞ்சியோரின் விதியை 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை எண்களாக மாற்றியது. நாடற்றோர் 975,000 பேரெனக் கணிக்கப்பட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974 இற் சமமாகப் பகிர்ந்துகொண்டன. யாருடைய பங்கு எவ்வளவு என்று இரு அரசுகளும் பேசின. அம்மக்களின் விருப்பம் உடன்படிக்கைக்கு முன்னர் கேட்கப்படவில்லை. விண்ணப்பங்கள் வந்தபோது, இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட தொகையை விடக் குறைவானோரே இந்தியப் பிரஜாவுரிமை கோரினர். இலங்கையை வேண்டியோர் ஒதுக்கப்பட்ட தொகையினும் மிகுந்திருந்தனர்.

ஏழு பேருக்கு நால்வர் என்பது உடன்படிக்கையின் விகிதம். 1967 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க நடைமுறைப்படுத்தற் சட்டத்தின்போது, எழுவர் இந்தியப் பிரஜாவுரிமை பெற்றதும் நால்வருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை தரலாம் என்ற நிலை இருந்தது. 1971 ஆம் ஆண்டுத் திருத்தம், எழுவர் உண்மையாகவே நாட்டை விட்டுச் சென்ற பின்னரே நால்வருக்கு வழங்கலாம் என மாற்றியது. இதனால் அட்டனில் காத்திருந்த ஒருவரின் உரிமை, அவருடைய தகுதியில் மட்டுமன்றி, மஸ்கெலியாவில் வேறொருவர் எப்பொழுது மூட்டை கட்டுவார் என்பதிலும் தங்கியிருந்தது. பிரஜாவுரிமை விசாரணையின் வரலாற்றில் இதனை ஒத்த விதி அரிது.

செல்வோரை ஏற்றிக்கொண்டு மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியப் பிரஜை, தங்கை இலங்கைப் பிரஜை, அயல் வீட்டார் நாடற்றோர் என்ற நிலை தோன்றியது. காத்திருந்தோருக்கு வாக்கில்லை, அரச உத்தியோகம் இல்லை, அரசாங்கக் காணியிற் பங்கில்லை. தலைமன்னார்–இராமேஸ்வரக் கப்பற் சேவை 1984 இல் நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தோரும் போக வழியின்றி இங்கேயே தங்கினர்.

சத்தியக்கடதாசியும் பத்து நாட்களும்

பின்னர் அரசியல் நிலை மாறியது. 1977 இல் தொண்டமான் மீண்டும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகி அமைச்சரவையிலும் இடம்பெற்றார். இந்தியாவுக்குரிய 600,000 பேருள் 506,000 பேரே அந்நாட்டுக்கு விண்ணப்பித்திருந்தனர். எஞ்சிய 94,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்க 1986 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம் அவ்வழியை மேலும் எளிதாக்கியது. நெடுங்கால விசாரணையின் இடத்தைச் சத்தியக்கடதாசி பெறலாயிற்று.

அவ்விரு சட்டங்களுக்கும் தப்பி நின்றோருக்கென 2003 ஒக்டோபரில் 35 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜைகள் என்று அது கூறியது. அவ்வாண்டின் இறுதியில் நடமாடும் முகாம்கள் தோட்டங்களுக்கே சென்றன. பத்து நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் பத்திரம் பெற்றனர் என ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் பதிந்துள்ளது.

முடிவுரை

1951 இல் விண்ணப்பித்த 825,000 பேரில் 134,000 பேரை ஏற்றுக்கொள்ளப் பத்தாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன. 2003 இல் அதனினும் மிகுந்த தொகையினருக்குப் பத்து நாட்கள் போதுமாயின. மக்கள் அதே மக்கள். தோட்டங்களும் அவையே. செக்ரோல்கள் முன்னரினும் குறைந்திருந்தனவேயன்றிக் கூடவில்லை. மாறியது ஒன்றே: ‘நீ இங்கிருந்தாய் என்பதை நிரூபி’ என்ற அரசு, ‘நீ இங்கிருக்கிறாய்’ என்பதை ஒப்புக்கொண்டது. ஆகவே முற்காலத் தாமதம் ஆராயவேண்டிய செய்திகளின் மிகுதியால் விளைந்ததன்று. ஐயத்தையே தொடக்கமாகக் கொண்ட சட்டத்தின் விளைவே அது.

எனினும் இழந்த காலத்தை எந்தச் சட்டமும் மீட்டளிக்கவில்லை. காத்திருந்த நிலையிலேயே இறந்தோருக்குப் பத்திரம் பயன்படவில்லை. தமிழ்நாட்டு அகதி முகாம்களில் மலையக வம்சாவளியினர் பலர் பிரஜாவுரிமை வினாவுடன் பல்லாண்டுகள் வாழ நேர்ந்தமையும் இவ்வரலாற்றின் எச்சமே. ஒரு நாடு தன் வாயிலில் நிற்பவரை விசாரிப்பது முறையாகலாம். தன் வீட்டினுள் நூறாண்டு உழைத்தவரை வாயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, எப்பொழுது வந்தாய் என்று வினவுவது முறையாகாது. மலைநாட்டின் தேயிலைச் சரிவுகளை வரலாற்று மாணவர் ஆராயப் புகும்போது, விளைச்சற் கணக்குகளோடு இக்காத்திருப்பின் கணக்கையும் சேர்த்தெழுதுதல் அவர்தம் கடமையாகும்.