மரச்சீனி

திருவனந்தபுரத்திற்கு வரும் விருந்தினரை அழைத்துச் செல்வோர், பாயசத்தில் தோய்த்த போளியையே முதலில் உண்ணக் கொடுப்பர். அது குற்றமன்று, போளி சுவையானதுதான். ஆயினும் இந்நாட்டு மக்களின் உயிரைக் காத்த உணவு எது என்று கேட்டால், விடை வேறு.

மரவள்ளி என்றும், ஏழிலைக்கிழங்கு என்றும், சேலத்துப் பக்கம் குச்சிக்கிழங்கு என்றும் தமிழர் வழங்கும் கிழங்கைத் திருவனந்தபுரத்தாரும் நாஞ்சில் நாட்டாரும் மரச்சீனி என்பர். அதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் வழியாகக் கீழ்த்திசை வந்த அப்பயிரைத் திருவிதாங்கூரில் பரப்ப முனைந்தவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. நெல் பொய்த்தால் ஏழைகள் பட்டினி கிடந்த நாட்டில், மேட்டு நிலத்திலும் விளையும் கிழங்கின் அருமையை அவர் உணர்ந்திருந்தார். மக்களோ, அது நஞ்சு என்று அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. கிழங்கில் சயனைடைத் தோற்றுவிக்கும் பொருள் உண்டு. தோலை நீக்கி, நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் அதன் பெரும்பகுதி நீங்கிவிடும். அரண்மனையிலேயே சமைக்கச் செய்து, அரசர் தாமே உண்டு காட்டினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், நீரை வடித்துக் கொட்டும் வழக்கம் இன்றுவரை ஒவ்வொரு வீட்டிலும் நிற்கின்றது.

அவர் செய்த வேலையின் முழுப்பயன், அவர் மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் விளங்கிற்று. திருவிதாங்கூரில் விளைந்த நெல், அதன் தேவையில் பாதிக்கும் போதாது. எஞ்சியதில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச்சு மாதம் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்தனர். அரிசிக் கப்பல்கள் நின்றன. சேர்த்தலைப் பகுதியில் கயிறு திரித்துப் பிழைத்தவர்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். அந்நாட்களில் வேலியோரத்திலும் தென்னந்தோப்பின் இடைவெளியிலும் நின்ற மரச்சீனிதான் எண்ணற்ற குடும்பங்களின் காலையும் மாலையுமாக இருந்தது.

உயிர் காத்த உணவிற்கு உரிய மதிப்புக் கிட்டியதா? இல்லை. விருந்தாளி வரும் ஓசை கேட்டதும் மரச்சீனிப் பானையை உள்ளே மறைத்த வீடுகளைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரிசி உண்பது மானம், கிழங்கு உண்பது இழிவு என்ற எண்ணம் எளிதில் அகலவில்லை.

இதே கிழங்கிற்கு வியட்நாமில் நேர்ந்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அதுவும் அரிசி உண்ணும் நாடே. 1960களின் போரில், சைகோன் நகருக்கு வடமேற்கே கூச்சி என்னுமிடத்துச் சுரங்கங்களில் பதுங்கி வாழ்ந்தோர்க்கு இதுவே உணவு. 1975-க்குப் பின் வந்த வறுமைக் காலத்தில், அரிசி போதாத வீடுகளில் சோற்றோடு கிழங்கைக் கலந்து உண்டனர். அவர்கள் பானையை மறைக்கவில்லை. கூச்சியைக் காண இன்று வரும் வெளிநாட்டாரை உட்கார வைத்து, அவித்த கிழங்கையும், பொடித்த நிலக்கடலையும் எள்ளும் உப்பும் கலந்த தூளையும் பரிமாறுகின்றனர். தேங்காய்ப்பால் சேர்த்த மரவள்ளிப் பணியாரமும் அந்நாட்டுத் தென்பகுதியில் பெயர் பெற்றது.

திருவனந்தபுரத்திலும் காலம் மாறியிருக்கின்றது. பெரிய உணவு விடுதிகளே மரச்சீனியும் மீன்கறியும் என்று பலகையில் எழுதுகின்றன. ஆயினும் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய சிறு கடைகளிலோ, விழிஞ்ஞம் கடற்கரைப் பக்கத்திலோ உண்பதே நன்று என்பது எம் கருத்து. தேங்காயும் பச்சை மிளகாயும் மஞ்சளும் அரைத்துச் சேர்த்து மசித்த கிழங்கு. அருகே, புளிப்பும் காரமும் ஏறிய சாளைமீன் குழம்பு. இச்சேர்க்கை நாவிற்காக மட்டும் அமைந்ததன்று. கிழங்கு மாவுச்சத்தே, அதில் புரதம் மிகக் குறைவு. அக்குறையை மீன் நிரப்புகின்றது. மீன் உண்ணாதவர்க்குக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி உண்டு; அவர்கள் பருப்பு ஏதேனும் உடன் கொள்வது நலம்.

நகரின் வடபுறத்தில் சிரீகாரியம் என்னுமிடத்தில் 1963-இல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. அங்கு உருவாக்கிய மரச்சீனி இனங்களுள் ஒன்றன் சதை இளமஞ்சள் நிறமுடையது. அதற்கு இட்ட பெயர் ‘சிரீ விசாகம்’.