கண்ணொளி தந்த ஞாயிறுகள்

நோன்புப் பெருநாள் தொழுகைக்குச் செல்லுமுன் ஃபித்ராவைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்த சட்டம். ஏழையின் வீட்டிலும் அன்று அடுப்பெரிய வேண்டும். அவன் அன்று கையேந்தி அலையலாகாது. எனவே, பெறுபவன் வரட்டும் என்று காத்திராமல் கொடுப்பவனே தேடிச் செல்ல வேண்டியவனாகிறான். அறப்பணி எதற்கும் இதுவே உரைகல் என்பது நம் கருத்து. மதுரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் கண்ட ஒரு தொண்டின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க விழைகிறோம்.

வணிகர், மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோர் ஓய்வு நாளில் கூடிப் பேசி, விருந்துண்டு கலையும் சங்கங்கள் பல நாடுகளிலும் உண்டு. அக்கூட்டத்தைப் பொதுத் தொண்டிற்குத் திருப்பியவை சுழற்சங்கமும் அரிமா சங்கமுமாகும். முன்னது 1905இலும் பின்னது 1917இலும் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தோன்றின. பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் 1925இல் அரிமா சங்கத்தாரின் மாநாட்டில் தோன்றி, பார்வையற்றோருக்காக உழைக்குமாறு வேண்டினார். அன்று முதல் கண்ணொளிப் பணி அச்சங்கத்தின் தலையாய கடமையாயிற்று. 1956இல் அச்சங்கம் இந்தியாவிலும் கால்கொண்டது.

இத்தகைய பணி இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதியதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மூஸில் நகரத்து அம்மார் இப்னு அலீ, உள்ளே துளையுள்ள ஊசியைக் கொண்டு கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் கண் நோயாளிகளுக்கெனத் தனிப்பகுதி இருந்தது. செல்வர், வறியர் என்ற வேறுபாடின்றி அங்கு மருத்துவம் செய்யப்பட்டது; செலவு முழுவதையும் வக்பு சொத்துக்கள் தாங்கின.

இனி மதுரைக்கு வருவோம். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. கடும் மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைக் கத்தி பிடிக்கப் பழகியவர். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கியவர். ஐம்பத்தெட்டாம் வயதில் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரிடம் பெற்ற வருவாயைக் கொண்டே ஏழைகளுக்கு இலவச மருத்துவம் செய்வது அதன் முறை. 2006இல் அவர் மறைந்தபோது அம்மருத்துவமனை உலகறிந்த நிறுவனமாக வளர்ந்திருந்தது.

ஆயினும் மருத்துவர் மட்டும் இருந்தால் போதுமா? நோயாளி வந்து சேர வேண்டுமல்லவா? அங்கேதான் ஊர்ச் சங்கங்களின் பணி தொடங்கிற்று. முகாம்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெற்றன. அன்று பள்ளிக்கூடம் காலியாக இருக்கும். சங்கத்தாருக்கும் ஓய்வு கிடைக்கும். இடம் பிடிப்பது, துண்டுப் பிரசுரம் வழங்குவது, ஒலிபெருக்கியில் அறிவிப்பது, முதியோரைக் கைபிடித்து அழைத்து வந்து வரிசையில் அமர்த்துவது ஆகியவை சங்கத்தார் பொறுப்பு. கண்ணைச் சோதிப்பதும் மருந்தளிப்பதும் மருத்துவமனையின் பொறுப்பு. கடைமுதலாளியும் கல்லூரி மாணவனும் தம் விடுமுறையை இவ்வாறு செலவிட்டனர்.

இலவசம் என்று அறிவித்துங்கூடப் பலர் அறுவைக்கு இணங்கவில்லை. மருத்துவர்கள் காரணத்தை விசாரித்தார்கள். பேருந்துக் கட்டணமில்லை, மருத்துவமனையில் தங்கும் நாட்களில் சோற்றுக்கு வழியில்லை, துணைக்கு வருபவரின் கூலியும் போய்விடும், கத்தி என்றாலே அச்சம். வயற்கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு இவை சிறு காரணங்களல்ல. ஆகவே உணவும் பேருந்தும் சேர்த்தே வழங்கப்பட்டன. நோயாளிகளை ஒரே வண்டியில் கூட்டமாக மதுரைக்கு அழைத்துச் சென்று, அறுவை முடிந்தபின் ஊரிலேயே கொண்டுவந்து விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் உடன் வருகிறார் என்ற தெம்பே பாதி அச்சத்தைப் போக்கிற்று.

அப்படியிருந்தும் 1999இல் வெளியான ஓர் ஆய்வு ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. முகாம் நடந்த தென்னிந்தியச் சிற்றூர்களில், கண் குறையுள்ளோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேரே முகாமிற்கு வந்திருந்தனர்! ஏனையோர் வீட்டுத் திண்ணையிலேயே இருந்துவிட்டனர். இக்கணக்கை மருத்துவமனையார் மறைக்கவில்லை; பாடமாகக் கொண்டனர். 2004 முதல் சிற்றூர்களுக்கு அருகிலேயே நிலையான பார்வை மையங்களை அமைக்கலாயினர்.

திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமாகிய 'அபஸ' எதன் பொருட்டு இறங்கிற்று என்பதை இங்கு நினைவு கூர்வோம். குறைஷித் தலைவர்களுடன் பேசிக்கொண்டிருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களை, மார்க்கம் அறிய நாடி வந்தார் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). அவரைக் கவனியாதிருந்தது பற்றி இறைவன் தன் தூதருக்கே நினைவூட்டினான். பின்னாளில் அத்தோழர் மதீனாவில் பாங்கு சொல்லும் பேறு பெற்றார். தேடி வந்த பார்வையற்றவருக்கே இத்துணை உரிமை உண்டெனில், வர இயலாமல் திண்ணையில் இருப்பவருக்கு நாம் என்ன விடை கூறப் போகிறோம்?

சங்கத்தார் பட்டறிவால் கற்றதை நமக்கு ஃபித்ரா என்றோ கற்பித்துவிட்டது. ஊர்தோறும் நமக்குப் பள்ளிவாசல் உண்டு; ஜமாஅத் உண்டு; யார் வீட்டில் யார் இருக்கிறார் என்றறிந்த மோதினாரும் உண்டு. ஃபித்ரா கொடுக்க வீடு தேடிச் செல்லும்போதே, அவ்வீட்டு முதியவருக்குக் கண் தெரிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொள்ளலாம். பெருநாள் கழிந்த முதல் ஞாயிறன்று, எம்மதத்தவராயினும், அவர்களை ஒரு வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. நம் விடுமுறையில் ஒரு நாள் போதும்.