சோறும் தேங்காய்ப்பாலும்: மட்டக்களப்பு வாவிக் கரைகளின் உணவு வரலாறு

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் பக்கம், படும் பக்கம் என்பதே பெயர்க்காரணமாயினும், உணவின் வரலாற்றை நோக்குவோருக்கு இப்பெயர்கள் வேறொரு பிரிவினையையும் உணர்த்துவன. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் தென்னைக்குரியது. வாவிக்கு அப்பாற் கிடக்கும் வயல்நிலம் நெல்லுக்குரியது. நடுவிலுள்ள நீர், மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் உரியது. படுவான்கரையின் நெல்லும் எருமைத் தயிரும் விறகும் தோணியேறிக் கிழக்கே வந்தன. எழுவான்கரையின் தேங்காயும் கடல்மீனும் கருவாடும் தோணியேறி மேற்கே சென்றன. சோறு, பாற்சொதி, மீன்கறி, தயிர் என்னும் உணவுக்கோலம் இவ்விரு கரைகளின் கொடுக்கல் வாங்கலால் உருவானது எனலாம்.

இக்கோலத்தைத் தலைகீழாக்கும் ஆலோசனையொன்று அண்மைக் காலத்திற் பரவியுள்ளது. காபோவைதரேற்றைப் பெரிதும் குறைத்து, அவ்விடத்தைக் கொழுப்பால் நிரப்புக என்பதே அது. தமிழ்நாட்டிலே 2010களில் ‘பேலியோ’ என்னும் பெயரோடு பெருவழக்குப் பெற்ற இம்முறை, புலம்பெயர்ந்த உறவினர் வாயிலாகவும் ஈழத்து நீரிழிவு நோயாளரையும் உடல் பருத்தோரையும் எட்டியது. சோற்றை நடுவே குவித்துக் கறியை ஓரத்தில் வைக்கும் ஒரு சமூகத்துக்கு இது சிறிய ஆலோசனையன்று. அதன் நன்மை தீமைகளை நிறுப்பதற்கு மருத்துவ அறிவு மட்டும் போதாது. அந்தச் சோறு அவ்வளவாகக் குவிக்கப்பட்டதற்கான காரணமும் ஆராயப்படல் வேண்டும்.

முற்கால மட்டக்களப்பில் நெல் என்பது உணவுப் பொருள் மட்டுமன்று. போடியாரின் நிலத்தில் முல்லைக்காரனும் வயற்காரரும் செய்த உழைப்புக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. கோயிலுக்குரிய பங்கும் நெல்லாகவே சென்றது. ஒரு குடும்பத்தின் செல்வம் எத்தனை அவண விதைப்பு நிலம் அதற்கு உண்டு என்பதனாற் கணிக்கப்பட்டது. இவ்வாறு பணத்தின் தொழிலைச் செய்த தானியமே வயிற்றையும் நிரப்பியது. வயலுக்குக் காவலிருந்தவர் வாடியிலே தங்கி, அங்கேயே உண்டனர். உழவு, வரம்பு கட்டுதல், அறுவடை, எருமைகளைக் கொண்டு சூடு மிதித்தல் என்பன யாவும் உடலுழைப்பால் நடந்தன. பெண்கள் உலக்கையால் நெற்குற்றினர், தண்ணீர் சுமந்தனர், களை பிடுங்கினர். 400 கிராம் அரிசியில் ஏறத்தாழ 1,400 கலோரி உண்டு. பகல் முழுதும் சேற்றில் நின்று உழைத்தவனுக்கு அது மிகையான உணவன்று, குறையாகவும் இருந்திருக்கலாம். குவித்த சோறு அவ்வுழைப்புக்கு ஏற்ற அளவு என்பதை மறந்து, அதனைத் தமிழரின் இயல்பான பேருண்டித்தனமாகக் காண்பது பொருந்தாது.

அன்றியும், நெற்சோறு எல்லாருக்கும் எந்நாளும் கிடைத்த உணவென்று கொள்ளவும் இடமில்லை. சேனைப் பயிரான குரக்கனும் சோளனும் சாமையும் மேற்குக் காட்டோரத்தாரின் வயிற்றைப் பல மாதங்களுக்குக் காத்தன. மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள கடலோரத்தில் வாழ்ந்த வேடரைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் எழுதியுள்ளனர். காட்டு வேடரின் உணவில் இறைச்சியோடு கிழங்கும் தேனும் சிறப்பிடம் பெற்றன. ‘ஆதி மனிதன் மாப்பொருளை அறியான்’ என்று இக்காலத்திற் கூறப்படுவதை இந்நாட்டின் ஆதிக்குடிகளின் உணவே மறுத்து நிற்கின்றது.

தேங்காயின் நிலையும் வேறு. வீட்டு வளவுகளில் நின்ற தென்னை பழையதே. ஆயினும், எழுவான்கரை நெடுகத் தென்னந்தோட்டங்கள் விரிந்தது 19 ஆம் நூற்றாண்டில், பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலேதான். ஆகவே, நாள்தோறும் தாராளமாகத் தேங்காய்ப்பால் சேர்ந்த கறி, பலர் எண்ணுமளவுக்குத் தொன்மையானதன்று.

அரசும் சோற்றைப் பெருக்கியது. 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டத்தை அடுத்து, தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் இப்பகுதியின் குளங்கள் திருத்தப்பட்டன. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வாவியின் தெற்கே பெருநிலப் பரப்பை நெல்வயலாக்கியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், பங்கீட்டு அரிசி தொடங்கியது. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ற் 12 ஆம் நாள் நாடெங்கும் கர்த்தால் நிகழ்ந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசியின் விலையால் அரசாங்கத் தலைமையே மாறிய நாட்டில், அரிசியைக் குறைக்குமாறு கூறுவது அரசியற் பேச்சாகவே செவிக்குப் பட்டதில் வியப்பில்லை. 1979 இல் உணவு முத்திரை வந்து பங்கீட்டை அகற்றியது. அதற்கடுத்த ஆண்டில் திருகோணமலையில் பெரிய மாவாலையொன்று இயங்கத் தொடங்கிற்று. கோதுமை மாப் பிட்டும் பாணும் ரொட்டியும் காலையுணவாயின.

இதற்கிடையில் அரிசியே மாறிவிட்டது. உலக்கையின் இடத்தை ஆலை பிடித்தது. தவிடு நீங்கிய வெள்ளரிசி உயர்ந்ததெனக் கருதப்பட்டது. தீட்டிய அரிசி செய்யும் கேட்டை ஆசியா முன்னரே கண்டிருந்தது. யாவாவில் 1890களில் ஐக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர், தீட்டிய அரிசியுண்ட கோழிகள் தளர்ந்து வீழ்வதையும் தவிடு கொடுக்க அவை தேறுவதையும் கண்டார். அந்நோய்க்கு வழங்கும் பெரி-பெரி என்னும் பெயர் சிங்களத்திலிருந்து வந்ததென்பர். மட்டக்களப்பாரின் புழுங்கலரிசி வழக்கம் இவ்வகையில் ஒரு காப்பாகும். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்திற் சிறுபங்கு அரிசிக்குள் இறங்குகின்றது. அச்சோறு குருதியிற் சர்க்கரையை ஏற்றும் வேகமும் பெரும்பாலும் பச்சையரிசிச் சோற்றினதிலும் குறைவு.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் உடலிலே நிகழ்ந்தது. எருமை நின்ற களத்தில் உழவு இயந்திரமும், அதன் பின் அறுவடை இயந்திரமும் வந்தன. நீண்ட போர்க்காலத்திற் படுவான்கரை மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தனர். 2007 இன் இடப்பெயர்வு மிகப் பெரியது. முகாமிலே கிடைத்த நிவாரணம் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்பன. மீனும் தயிரும் கீரையும் தந்த வாவியும் மந்தையும் வளவும் முகாமுக்கு வெளியே இருந்தன. உழைப்பு நின்ற பின்னும் சோற்றின் அளவு நின்றபடியே நின்றது. இலங்கையரின் உணவுச் சக்தியில் ஏறத்தாழ 70 வீதம் காபோவைதரேற்றாலானது என அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன.

நீரிழிவு இந்நிலையிற் பெருகியது. 2005–2006 இல் நடந்த தேசிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோருள் 10.3 வீதத்தினருக்கு இந்நோய் உண்டெனக் கணித்தது. ஆனால், அவ்வாய்வு ஒன்பது மாகாணங்களுள் ஏழில் மட்டுமே நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. நாட்டின் நீரிழிவு முதன்முதலாகச் செவ்வையாக எண்ணப்பட்டபோது வாவியின் இரு கரைகளும் அக்கணக்கில் இல்லை என்பது, இப்பொருள் பற்றிப் பேசுவோர் நினைவிற் கொள்ளவேண்டியது.

இனி, இவ்வுணவுமுறையின் வரலாற்றைச் சிறிது நோக்கலாம். அது புதுமையானதன்று. 1797 இல் ஜோன் ரொலோ என்ற பிரித்தானியப் படை மருத்துவர், நீரிழிவுற்ற படைத்தலைவர் ஒருவருக்குத் தானியத்தை விலக்கி இறைச்சியும் கொழுப்பும் கொடுத்துச் சிறுநீர்ச் சர்க்கரை குறைந்ததை எழுதினார். 1863 இல் இலண்டனில் வில்லியம் பான்ரிங் என்பவர், பாணும் சீனியும் பியரும் உருளைக்கிழங்கும் விலக்கித் தாம் மெலிந்த கதையைச் சிறு பிரசுரமாக்கினார். அவர் வெண்ணெயையும் பாலையுங்கூட விலக்கினார் என்பதை, அவரைத் தம் முன்னோடியாகக் கொண்டாடும் இக்காலத்தவர் கூறுவதில்லை. கொழுப்பைக் கூட்டுமாறு வற்புறுத்தியவர் 1882 இல் எழுதிய ஜேர்மானியரான எப்ஸ்ரைன். 1921 இல் ரொறன்ரோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் வைல்டர், வலிப்பு நோயாளருக்கெனக் கீற்றோன் தோற்றுவிக்கும் உணவை வகுத்தார். 1972 இல் அட்கின்ஸ் எழுதிய நூல் அதனை மெலிய விரும்புவோரின் வழியாக்கியது.

இவர்கள் எல்லாருக்கும் மிக முந்திய சரகசங்கிதை இந்நோய் பற்றிக் கூறுவது இவ்விடத்திற் பெரிதும் பொருந்துவதாகும். நோய்க்கு ஏதுக்களாக அது அடுக்குவன, இருக்கையின் சுகம், உறக்கத்தின் சுகம், தயிர், நீர்வாழ் உயிர்களின் ஊன், பால், புதுத்தானிய உணவு, வெல்லப் பண்டங்கள் என்பன. புதிர் உண்ணும் நாளில் மட்டக்களப்பு வீடொன்றில் வைக்கும் விருந்தின் பட்டியல் போலவே இது தோன்றும். கருதத்தக்கது யாதெனில், அந்நூலார் மாப்பொருள் என்றோ கொழுப்பு என்றோ ஒன்றைத் தனியே குற்றவாளியாக்கவில்லை. உணவுகளுக்கு முன்னே இருக்கையையும் உறக்கத்தையும் வைத்தனர்.

காபோவைதரேற்றைக் குறைப்பதால் விளையும் நன்மை மெய்யானது. உணவுக்குப் பின் குருதிச் சர்க்கரை மிகுவது தணிகின்றது. எடை முதற் சில மாதங்களில் விரைவாக இறங்குகின்றது. குருதியிலுள்ள திரைகிளிசரைட்டு குறைகின்றது. நீரிழிவு நோயாளரிடம் ஆறு மாதத்திற் காணப்படும் நன்மை, ஓராண்டளவில் மற்றை உணவுமுறைகளின் பயனோடு பெரும்பாலும் சமனாகிவிடுகிறது என்பதும் பல ஆய்வுகளின் தொகுப்பாற் புலனாகின்றது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 609 பேரைக் கொண்டு நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தோரும் காபோவைதரேற்றைக் குறைத்தோரும் ஓராண்டிற் கிட்டத்தட்ட ஒரே அளவு மெலிந்தனர். எம்மக்களுக்கு நெருங்கிய சான்று இந்தியாவினது. 2022 இல் வெளியான அங்குள்ள பேராய்வு, நீரிழிவு தணிவதற்கு உணவுச் சக்தியில் 49 முதல் 54 வீதம் காபோவைதரேற்றாக இருத்தலும், குறைத்த இடத்தைப் புரதம் நிரப்புதலும் பொருந்துமென மதிப்பிட்டது. இது சோற்றை ஒழிப்பதன்று. ஒரு கோப்பையளவு சோற்றை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் மீனையோ பயற்றையோ கீரையையோ வைப்பது.

ஆபத்து கொழுப்பை அளவின்றிக் கூட்டுவதிலேதான் தொடங்குகின்றது. இங்கே தேங்காய் பற்றிய வழக்கு எழுகின்றது. தேங்காயெண்ணெயிற் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு; அதிற் பாதியளவு லோரிக் அமிலம். பசுபிக் தீவான தொக்கெலாவின் மக்கள் தம் சக்தியில் 63 வீதத்தைத் தேங்காயிலிருந்தே பெற்றும், அவர்களிடையே குருதிக்குழாய் நோய் அரிதாயிருந்ததென 1981 இல் வெளியான ஆய்வு கூறியது. தேங்காயின் நண்பர் இதனை அடிக்கடி எடுத்துக்காட்டுவர். தேங்காயைக் குறைவாக உண்ட புக்காபுக்காத் தீவாரினும் தொக்கெலாவாரின் கொலஸ்ட்ரோல் கூடியிருந்ததை அதே ஆய்வு சொல்கின்றது. மேலும், அவர்கள் சீனியும் மாவும் அரிதான தீவிலே, கடலோடி உழைத்தவர்கள். நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தோரிடையே நீரிழிவு மிகுந்தது. இலங்கையிலே மெண்டிஸும் உடனாய்வாளரும் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய்க் கொழுப்பின் ஒரு பகுதியை நிரம்பாக் கொழுப்பால் மாற்றியபோது தீய கொலஸ்ட்ரோல் குறைந்தது. எனவே சொதிக்கு விடும் பாலை நஞ்சென்பது மிகை. கரண்டி கரண்டியாகத் தேங்காயெண்ணெய் குடிப்பதை மருந்தென்பது அதனினும் மிகை.

மற்றோர் ஆபத்து உடனடியானது. இன்சுலின் ஏற்றுவோரும் சர்க்கரையைத் தாழ்த்தும் சில வில்லைகளை உண்போரும் மருந்தளவை மாற்றாது சோற்றை நிறுத்தின், சர்க்கரை திடீரென வீழ்ந்து மயங்கலாம். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை வில்லை உண்போர்க்குக் கீற்றோன் மிகுந்து குருதி அமிலமாகும் இடருண்டு. அப்போது சர்க்கரை பெரிதும் ஏறியிராமையால் நோய் கண்டறியப்படாமலும் போகலாம். சிறுநீரகம் பழுதுற்றோர் புரதத்தைக் கூட்டுவது தகாது. மருத்துவரையன்றி உறவினரின் சொல்லையே நம்பி உணவை மாற்றுவோர்க்கே இவ்விடர்கள் பெரிதும் நேர்வன.

வறியோருக்குள்ள இடையூறு வேறு. 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியில் மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களிற் பத்தில் ஒன்பது பங்கு அழிந்ததாகக் கணிக்கப்பட்டது. எழுவான்கரையிலேயே தேங்காய் விலைகொடுத்து வாங்கும் பொருளாயிற்று. வெண்ணெயும் பாற்கட்டியும் நாள்தோறும் முட்டை நான்கும் கூறும் உணவுப் பட்டியல் கூலியாளின் வீட்டுக்கு எட்டாது. அவன் சோற்றை மட்டும் குறைப்பானாயின் எஞ்சுவது பசியே. அவனுக்கு எட்டுவன வேறு: வாவியின் சிறுமீன், 1952 இல் இந்நாட்டு நீர்நிலைகளில் விடப்பட்டு இன்று மலிவாகக் கிடைக்கும் திலாப்பியா, வளவில் நிற்கும் முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி, பயறு, கௌபி, சீனி தூவாத தயிர். இவற்றுள் எதுவும் புதிதன்று. சோறு மிகுந்தமையால் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவை இவை.

அறுவடை முடிந்ததும் படுவான்கரைக் குடும்பங்கள் ஆண்டுச் சாப்பாட்டுக்கென நெல்மூட்டைகளை வீட்டில் அடுக்கி வைப்பது இன்றும் வழக்கம். சோற்றைக் குறைக்குமாறு கேட்டு மருத்துவமனையிலிருந்து திரும்பும் நோயாளி, அந்த மூட்டைகளின் பக்கத்திலே அமர்ந்துதான் தன் மதிய உணவை உண்கின்றார். மீனை அவர் காசு கொடுத்து வாங்கவேண்டும். நெல் வீட்டில் இருக்கின்றது.