ஜகர்நாட்: இது நம்ம சாமி பேருங்க



போன வாரம் எங்க ஃபேக்டரிக்கு வந்த இங்கிலாந்துக்காரர் ஒருவர், வாசலில் நின்ற கண்டெய்னர் லோரியைக் காட்டி 'ஜகர்நாட்' என்றார். அவங்க ஊர்ல ரொம்பப் பெரிய லோரிக்கு அப்படித்தான் பேராம். எதிரே வர்றதை எல்லாம் நசுக்கிட்டுப் போற எதுக்கும் அந்தச் சொல்தான்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஒடிசா மாநிலம் பூரியில் இருக்கும் ஜெகந்நாதர் பேருங்க அது! ஜகத்துக்கே நாதன். காக்கிற சாமி பேரு எப்படி இப்படி ஆச்சு?

14-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த ஒடோரிக் என்ற இத்தாலியப் பாதிரியார், தேர்ச் சக்கரத்தில் பக்தர்கள் தாங்களே விழுந்து சாகிறார்கள் என்று எழுதினார். 1806-ல் பூரிக்குப் போன பாதிரியார் கிளாடியஸ் புக்கானனும் அதே மாதிரி பயங்கரமா எழுத, படிச்ச வெள்ளைக்கார சனங்க மனசுல அதுவே பதிஞ்சு போச்சு.

சாவு நடக்கவே இல்லைன்னு நான் சொல்லல. ஆனா ஹண்டர் என்ற ஆங்கில அதிகாரியே 1872-ல், பெரும்பாலும் அது கூட்ட நெரிசலில் நடந்த விபத்து என்று எழுதிட்டார். ஜெகந்நாதர் தேருக்கு 16 சக்கரம், சுமார் 45 அடி உயரம். நம்ம தேருக்கு முட்டுக்கட்டை போடுற ஆளு நான். ஒரு நொடி அசந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

மறுநாள் அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லி, போனில் படத்தைக் காட்டினேன். அந்த வட்டக் கண்ணையும் சிரிச்ச வாயையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவரா?" என்றார்.